பூதத்துக்குப் பேர் போடுவது யார்?

“ஏன் மாமா அது ஓடிப்போகல?”

அக்கா மகன் கேட்டான். நான் எழுதிக்கொண்டிருக்கும் மாயக்கதையின் முதல் சில அத்தியாயங்களை அச்செடுத்து அவனிடம் கொடுத்திருந்தேன். அதில் ஒரு பூதம் வருகிறது. ரங்கசாமி மலையைப் பெயர்த்து பவானிசாகர் அணைக்குள் போடு என்றால், போட்டுவிட்டு வந்து அடுத்த வேலை என்ன என்று கேட்கும். அதை வேலை வாங்குகிறவனோ, கோத்தகிரி மார்க்கெட்டில் அரை மூட்டை கேரட்டைத் தூக்கினாலே மூச்சு இரைக்கிற ஆள். “மந்திரக்கட்டு போட்டு வெச்சிருக்காங்கடா” என்றேன். “அது சரி, கட்டோட அந்த நுனி யார் கையில இருக்கு?” என்றான். பதினொன்றாம் வகுப்பு, காமர்ஸ் குரூப்.

பூதத்தை ஏவலாளாக வைத்துக் கதை எழுதுகிற எவரும் முதலில் பதில் சொல்ல வேண்டிய கேள்வி அதுதான். பூதத்தால் என்னென்ன முடியும் என்று எழுதுவதில் ஒரு சிரமமும் இல்லை. பறக்கட்டும், மறையட்டும், மலையை உருட்டட்டும். அவ்வளவும் முடிந்த ஒன்றால் ஏன் வாசல் தாண்டிப் போக முடியவில்லை? அந்த முடியாமையைத் தினமும் காவல் காப்பது யார்? அதற்கு அவனுக்கு என்ன செலவாகிறது? இங்கே சறுக்கினால் மீதிக் கதை எவ்வளவு ஜோராக இருந்தாலும் படிக்கிறவன் நம்ப மாட்டான்.

நம் பாட்டிமார் சொன்ன பேய்க்கதை ஒன்றில் இதற்குப் பாதி பதில் உண்டு. ஒருவன் மந்திரவாதியிடம் கெஞ்சிக் கூத்தாடி ஒரு பேயை வாங்கி வருகிறான். எந்த வேலை சொன்னாலும் செய்யும். ஒரே நிபந்தனை, சும்மா இருக்க விடக் கூடாது. வேலை தீர்ந்தால் எசமானையே தின்றுவிடும். வீடு கட்டு என்கிறான், கட்டியாயிற்று. கிணறு வெட்டு என்கிறான், வெட்டியாயிற்று. பொழுது சாய்வதற்குள் அவனிடம் சொல்ல வேலையே இல்லை. கடைசியில் யாரோ புத்தி சொல்ல, தெருநாய் வாலை நிமிர்த்தி வை என்று ஏவிவிட்டு உயிர் பிழைக்கிறான். கம்பத்தை நட்டு ஏறி இறங்கிக்கொண்டே இருக்கச் சொன்னான் என்றும் சொல்வார்கள். சின்ன வயதில் நாய் வாலுக்குச் சிரித்துவிட்டுப் போய்விட்டோம். அந்த வீட்டில் தூக்கம் தொலைத்தவன் யார் என்று இப்போதுதான் பார்க்கிறேன். பேய் அலுக்காமல் வாலை இழுத்துக்கொண்டிருக்கிறது. அவன்தான் ராத்திரி முழுக்க நாய் செத்துவிடக் கூடாதே என்று விழித்துக் கிடந்திருப்பான்.

அடிமைக் கயிற்றுக்கு இரண்டு நுனி உண்டு என்பதைச் சொல்லாத மாயக்கதை எனக்கு ருசிப்பதில்லை. விளக்கு யார் கையிலோ அவர் சொன்னபடி ஆடும் அலாவுதீன் கதைப் பூதம் அந்த வகை. விளக்கைத் திருடியவனுக்கும் அதே சலாம், துணியால் தேய்த்தவனுக்கும் அதே சலாம். பூதத்துக்குத் தன் எண்ணம் என்று எதுவும் கிடையாது. பிராக் நகரத்து யூதர்கள் சொல்லும் களிமண் ஆள் பரவாயில்லை. நெற்றியில் எழுதிய சொல்லின் முதல் எழுத்தை அழித்தால் ‘உண்மை’ என்பது ‘செத்தான்’ என்றாகி, ஆள் மண்ணாகச் சரிந்துவிடுவான். எழுதத் தெரிந்தவன் கட்டுகிறான், அழிக்கத் தெரிந்தவன் அவிழ்க்கிறான். இதைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

நான் கேட்டதிலேயே ஆழமானது சுலைமான் நபியின் ஜின்கள் பற்றியது. குன்னூரில் கடை வைத்திருக்கும் பாய் ஒருவர் ஒரு மழை நாளில் சொன்னார். குர்ஆனில் இருப்பதுதான். இறைவன் ஜின்களை அவருக்கு வசப்படுத்திக் கொடுத்திருந்தான். அவை பெரிய கட்டடங்களும் குளம் போன்ற பாத்திரங்களும் செய்துகொண்டிருந்தன. கைத்தடியில் சாய்ந்தபடியே சுலைமான் நபி இறந்துபோகிறார். ஜின்களுக்குத் தெரியவில்லை. எசமான் பார்த்துக்கொண்டு நிற்கிறார் என்று நினைத்து வேலையைத் தொடர்கின்றன. கரையான் அரித்துத் தடி முறிந்து உடல் கீழே விழுந்த பிறகுதான் சங்கதி புரிகிறது. முன்பே தெரிந்திருந்தால் இந்தப் பாட்டில் கிடந்திருக்க மாட்டோமே என்கின்றன. மறைவானதை அறியும் சக்தி ஜின்களுக்கு இல்லை என்பதற்கான சான்றாக மார்க்க அறிஞர்கள் இதைச் சொல்வார்கள். கதை எழுதுகிறவனான எனக்கு வேறொன்று தைத்தது. இறந்தவரின் பார்வைக்குக்கூட வேலை வாங்கும் பலம் இருந்திருக்கிறது.

அப்புறம் நம் இடும்பன். பழனிக்குப் படியேறுகிறவர்கள் பாதி வழியில் அவரைக் கும்பிட்டுவிட்டுத்தான் மேலே போவார்கள். சூரசம்ஹாரத்தில் பிழைத்த அசுரன். அகத்தியர் ஏவ, சிவகிரி, சக்திகிரி என்ற இரண்டு மலைகளைப் பாம்புகளால் உறி கட்டித் தோளில் தூக்கித் தெற்கே வருகிறான். பழனி அடிவாரத்து ஆவினன்குடியில் இளைப்பாற இறக்கி வைக்கிறான். திரும்பத் தூக்கினால் மலை அசையவில்லை. மேலே கோவணத்தோடு ஒரு சிறுவன், இது என் மலை என்கிறான். இடும்பனுக்கு ஒரு குருவின் கட்டளை, எதிரே இன்னொரு உரிமைக்காரன். அகத்தியரும் முருகனும் பேசித் தீர்த்துக்கொண்டிருக்கலாம். சண்டை போட்டுச் செத்தது சுமந்து வந்தவன். ஏவலாளின் தலையெழுத்து முழுக்க அந்த ஒரு காட்சியில் இருக்கிறது. மனைவி இடும்பி அழுது, முருகன் உயிர் கொடுத்த பிறகுதான் கதை திரும்புகிறது. அவன் வாய் திறந்து கேட்கிறான். உன் வாசலில் நான் காவல் நிற்க வேண்டும், என்னைப் போலத் தோளில் சுமந்து வருகிறவர்களுக்கு நீ அருள வேண்டும் என்கிறான். முதல் எசமான் ஏவினார், போனான். இரண்டாவது இடத்தில் நிபந்தனை அவனுடையது. தைப்பூசத்துக்கு எங்கள் ஊரிலிருந்து காவடி கட்டிப் போகிறவர்களைப் பார்க்கும்போதெல்லாம், ஒரு வேலையாள் போட்டுக்கொண்ட ஒப்பந்தம் இன்னும் செல்லுபடியாகிறதே என்று எனக்குத் தோன்றும்.

சிலப்பதிகாரத்துச் சதுக்கப்பூதமும் லேசுப்பட்டதில்லை. புகார் நகரத்து நாற்சந்தியில் பாசக்கயிற்றோடு நிற்கும். பொய்ச்சாட்சி சொன்னவனைப் பிடித்துவிட்டது. அவன் தாய் அழுகிறாள். கோவலன் முன்னால் வந்து என் உயிரை எடுத்துக்கொள் என்கிறான். பூதம் மறுத்துவிடுகிறது. கெட்டவனுக்குப் பதிலாக நல்லவன் உயிரை எடுத்தால் தனக்கு நற்கதி இல்லை என்கிறது. நகரத்துக்கு ஊழியம் பார்க்கும் பூதம்தான், ஆனாலும் முடியாது என்று சொல்ல அதற்கு ஒரு சட்டம் இருந்தது. என் கதையின் பூதத்துக்கு அது இல்லை. அது ஏன் இல்லை என்று யோசிக்கத் தொடங்கியபோதுதான் அப்பாவைப் பெற்ற அப்பாயி ஞாபகம் வந்தார்.

அப்பாயி இலங்கையில் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். அங்கிருந்த இந்திய வம்சாவளியினரை யார் எடுத்துக்கொள்வது என்று 1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார்கள். 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்ளும், 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை கொடுக்கும், மிச்சமிருந்த 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசிக்கொள்வோம் என்று. அந்த முதல் எண்ணுக்குள் எங்கள் குடும்பம் விழுந்தது. அப்படி வந்தவர்களுக்கு வேலை கொடுக்கத்தான் தமிழக அரசு 1968இல் நீலகிரியில் தேயிலைத் திட்டம் தொடங்கியது. கடல் தாண்டி வந்து மறுபடியும் கொழுந்துக் கூடை.

அவர் அங்கே வேலை பார்த்த தோட்டத்தைப் பற்றிச் சொல்லும்போது சம்பளம் என்று சொல்ல மாட்டார், பேர் என்பார். காலையில் பெரட்டுக்கு, அதாவது ஆள் எண்ணும் களத்துக்குப் போய் நின்றால், செக்ரோல் என்ற வருகை ஏட்டில் பேர் போடுவார்கள். ஒரு நாள் வேலைக்கு ஒரு பேர். கொழுந்து எடை குறைந்தால் அரைப்பேர். சாயங்காலம் நிறுவை. தராசுக் கொக்கியில் கூடையை மாட்டியதும் முள் ஆடும். ஆட்டம் நிற்பதற்குள் கணக்கப்பிள்ளை எண்ணைச் சொல்லிவிடுவார். அதிலும் கூடைக்குக் கொஞ்சம் கழிவு, மழை நாளானால் இலையில் தண்ணீர் என்று இன்னும் கொஞ்சம் கழிவு. “நாள் முச்சூடும் மலையில நின்னவ நாந்தான். பாதி ஆளு எங்க போனா?” என்று ஒருமுறை கேட்டாராம். கணக்கப்பிள்ளை சிரித்துக்கொண்டே அரைப்பேர் எழுதினாராம். அதைச் சொல்லிவிட்டு அப்பாயியும் சிரிப்பார். அவருக்கு எழுதத் தெரியாது, கைநாட்டு. தன் பேர் அந்த ஏட்டில் எப்படி எழுதப்பட்டிருந்தது என்பதைக் கடைசிவரை அவர் படித்ததில்லை.

என் பூதத்தின் கட்டு அந்தத் தராசடியில் கிடைத்தது.

கதையில் வரும் மலைக்கு முகடி என்று பேர் வைத்திருக்கிறேன். நீலகிரி மாதிரிதான். மடிப்பு மடிப்பாகப் புல்வெளி, மடிப்புகளுக்கு நடுவே சோலை, சோலைக்குள் ஊற்று. பூதங்கள் அந்த ஊற்றுகளில் குடியிருக்கின்றன. தண்ணீர் இருக்கும்வரை உருவம் இருக்கும். கீழ்நாட்டிலிருந்து வருகிறவர்கள் புல்வெளியைத் தரிசு என்று நினைத்துச் சீகை (வாட்டில்) மரமும் கற்பூர (யூகலிப்டஸ்) மரமும் நட்டுத் தள்ளுகிறார்கள். இது நான் கற்பனை செய்ததல்ல. தோல் பதனிடும் பட்டைக்காகவும் விறகுக்காகவும் நீலகிரிப் புல்வெளிகளுக்கு நடந்தது இதுதான். மழையைப் பிடித்து மெல்ல மெல்லச் சோலைக்கு விட வேண்டிய புல் போனால் ஊற்று சுருங்கும். முகடியிலும் சுருங்குகிறது. உருவம் மெலிந்த பூதம் தள்ளாடி வந்து தோட்டத்து வாசலில் நிற்கிறது. தோட்டக்காரன் ஒரு செம்பு தண்ணீர் கொடுக்கிறான். முன்பணம்.

அந்தச் செம்பை வாங்கிக் குடித்த நிமிடத்தில் பூதம் தன் பேரைச் சொல்ல வேண்டும். அது பேரேட்டில் ஏறும். அதன் பிறகு தண்ணீர் தேவையில்லை, தினமும் பேர் போட்டால் போதும், உருவம் நிற்கும். போடாத நாளில் புகை மாதிரி கலையத் தொடங்கும். அரைப்பேர் போட்டால் இடுப்புக்குக் கீழே அன்றைக்கு ஒன்றும் இருக்காது. அந்தரத்தில் தொங்கியபடி கல் சுமக்கும். குறிஞ்சி பூக்கும் வருடம் கணக்கு முடிக்கும் வருடம். நம் மலைகளில் 2006இல் பூத்தது, 2018இல் பூத்தது, இனி 2030. முகடியிலும் அதே பன்னிரண்டு வருடக் கணக்கு. ஊரே நீலமாகிக் கிடக்கும்போது பூதங்கள் வரிசையில் நிற்க, கணக்கர் பேரேட்டைப் புரட்டி, தண்ணீர், அதற்கு வட்டி, உடைந்த கடப்பாறை, சேதமான பாத்தி என்று வாசித்து, பாக்கி இவ்வளவு என்பார். பாக்கி இல்லாமல் போன பூதம் ஒன்றுகூட இதுவரை இல்லை.

ஓடிப்போகலாமே? போகலாம். காவலே கிடையாது. மறுநாள் காலையில் பேர் விழாது, அவ்வளவுதான்.

வாசித்துக் காட்டியபோது நண்பர் ஒருவர் இவ்வளவு கொடுமையா என்று முகம் சுளித்தார். சரித்திரத்தைப் புரட்டினால் என் கணக்கர் பரம சாது. முன்பணம் வாங்கிய வேலையாள் வேலைக்கு வராவிட்டால் மாஜிஸ்ட்ரேட் முன்னால் நிறுத்தி மூன்று மாதம்வரை கடுங்காவல் போடலாம் என்று 1859ஆம் வருடத்துச் சட்டம் ஒன்று சொன்னது. அது ரத்தானது 1925இல். இலங்கையில் ‘துண்டு’ என்று ஒரு சீட்டு இருந்தது. ஆள் சேர்த்து வேலை வாங்கும் கங்காணியும் அவன் ஆட்களும் பட்டிருக்கும் கடனைக் கொடுத்தால் இவர்களை விடுவிக்கிறோம் என்று ஒரு தோட்டம் எழுதிக் கொடுக்கும். அடுத்த தோட்டம் அதைக் கட்டி ஆட்களை எடுத்துக்கொள்ளும். 1921இல்தான் அதை ஒழித்தார்கள். விளக்கு கைமாறினால் பூதமும் கைமாறுகிறதே, அதே சங்கதி. எங்கள் நீலகிரி நடுவட்டத்திலேயே சிங்கோனா தோட்டத்தில் வேலை செய்யச் சீனக் கைதிகளைக் கொண்டுவந்து வைத்திருந்தார்கள். வெள்ளைக்காரனின் காய்ச்சலுக்குச் சிங்கோனாப் பட்டையிலிருந்து எடுக்கும் கொய்னா மருந்து வேண்டியிருந்தது, ஆட்கள் வேண்டியிருந்தது.

இடையில் ஒன்று சொல்லிவிடுகிறேன். நீலகிரியை வைத்து மாயக்கதை என்றாலே, மந்திரவாதியாக இங்குள்ள பழங்குடியான குறும்பரைப் போடேன், பொருத்தமாக இருக்கும் என்று யோசனை சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். போட மாட்டேன். சூனியக்காரர்கள் என்ற பழியைச் சுமத்திக் குறும்பர்களை ஊர் சேர்ந்து கொன்ற சம்பவங்கள் 19ஆம் நூற்றாண்டுப் பதிவுகளில் இருக்கின்றன. அந்தப் பழிக்கு இன்னொரு அலங்காரம் என் கதையில் வேண்டாம். முகடியில் மந்திரம் தெரிந்தவர்கள் கணக்கர்கள் மட்டும்தான். மந்திரம் என்பதும் மை தொட்டு எழுதுவதுதான்.

எழுதிக்கொண்டு போகும்போது எனக்கே ரொம்பப் பிடித்துப்போனது, பூதங்கள் காட்டும் எதிர்ப்பு. மலையைப் புரட்டுகிற பலத்தை எசமான் மீது காட்ட முடியாது. கணக்கர் பேனாவை மூடிவிடுவார். அதனால் சொன்னதைச் சொன்னபடியே செய்கின்றன. “அந்தக் கல்லை இங்கே இருந்து எடு” என்றால் எடுக்கும். எங்கே வைப்பது என்று சொல்லவில்லையே, அதனால் கையிலேயே வைத்துக்கொண்டு நிற்கும். “மழைக்கு முன்னால் செடியை வெட்டிக் கவ்வாத்து முடிக்கணும்” என்றால் நீ எந்த வருடத்து மழையைச் சொன்னாய் என்று கேட்காது. எசமான் எவ்வளவு கெட்டிக்காரனோ அவ்வளவு நீளத்துக்குக் கட்டளை எழுத வேண்டியிருக்கிறது. மூன்றாம் தலைமுறைத் தோட்டக்காரன் ஒருவன் காலையில் இரண்டு மணி நேரம் கட்டளை எழுதியே களைத்துப்போகிறான். நாய் வாலைக் காவல் காத்தவனின் பேரன் போலிருக்கிறது.

அடுத்தது விடுதலை. மாயக்கதைகளில் இது பெரும்பாலும் ஒரு வாக்கியத்தில் முடிந்துவிடும். எசமான் மனமிரங்கி “நீ போகலாம்” என்பான், பூதம் கண்ணீரோடு வானத்தில் மறையும். எனக்கு இதில் துளியும் நம்பிக்கையில்லை. மறைந்து எங்கே போகும்? ஊற்று வற்றிவிட்டது. அது இருந்த இடத்தில் சீகைக் காடு நிற்கிறது. 1976ஆம் வருடக் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம், பட்ட கடனெல்லாம் அன்றோடு தீர்ந்தது, யாரும் திருப்பிக் கட்ட வேண்டாம் என்றது. நல்ல சட்டம்தான். ஆனால் கடன் தீர்ந்த மறுநாள் காலையில் அடுப்பில் என்ன வைப்பது என்பதைக் கடன்பட்டவன்தான் யோசிக்க வேண்டும். இலங்கையிலிருந்து மண்டபம் முகாமில் வந்து இறங்கிய எங்கள் ஆட்களுக்கும் கையில் காகிதம் இருந்தது, கால் வைக்க இடம் இல்லை.

ஆகவே முகடியின் ராணி ஓர் ஆணை போடுகிறாள். பேரேடுகள் மூடப்பட்டன, எல்லாப் பூதங்களும் இன்று முதல் சுதந்திரம். ஊரே கொண்டாடுகிறது. கணக்கர்கள் மை புட்டியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வீட்டுக்குப் போகிறார்கள். மறுநாள் விடியும்போது மலை முழுக்கப் பூதங்கள் கலையத் தொடங்குகின்றன, ஏனென்றால் யாரும் பேர் போடவில்லை. பெரட்டுக் களத்தில் வந்து நிற்கின்றன. பேர் போடுங்கள் என்று கேட்கின்றன. சுதந்திரம் கொடுத்த பிறகும் பார், இதுகளுக்கு அடிமைப் புத்தி போகவில்லை என்கிறார்கள் கொண்டாடியவர்கள். இந்த வசனத்தை எழுதக் கற்பனை தேவைப்படவில்லை. பல பேர் பல விதமாகச் சொல்லிக் கேட்டதுதான்.

இங்கே கதை சிக்கி நின்றது. கூடலூர்ப் பக்கம் தொழிற்சங்கத்தில் வெகுகாலம் இருந்த நண்பரிடம் சொன்னேன். பூதம், மாயம் எதற்கும் அவர் அசரவில்லை. “சர்வீஸ் எத்தனை வருசம்?” என்றார்.

இருபத்தைந்து குறிஞ்சி, முந்நூறு வருடம் என்றேன்.

“பணிக்கொடைச் சட்டப்படி அஞ்சு வருசம் முடிஞ்சாலே உரிமை உண்டு. வருசத்துக்குப் பதினஞ்சு நாள் சம்பளம். முந்நூறைப் பதினஞ்சால பெருக்குங்க, 4,500 பேர். ஒரு நாளைக்கு ஒரு பேர்னா உங்க பூதம் பன்னெண்டு வருசத்துக்கு மேல கலையாம நிக்கும். அடுத்த குறிஞ்சி வரைக்கும் தாங்குதுல்ல? அதுக்குள்ள புல்லை நட்டு ஊத்தை மீட்கட்டும்.” பணிக்கொடைக்கான 20 லட்ச ரூபாய் உச்சவரம்பு பூதத்துக்குப் பொருந்துமா என்று நான் கேட்டதை அவர் காதில் வாங்கவில்லை. “நிர்வாகம் சும்மா கொடுக்காது. இப்படி ஒரு ஆளே எங்ககிட்ட வேலை பாக்கலம்பான். ஆதாரம் எங்க இருக்கு? பேரேட்டுல. அது யார் கையில இருக்கு? முதல்ல அதைப் பாருங்க தம்பி.”

அதனால் அடுத்த அத்தியாயத்தில் பூதங்கள் கணக்கறையின் பூட்டை உடைக்கின்றன. எரிப்பதற்காக என்று காவலாளி நினைத்துத் தண்ணீரோடு ஓடி வருகிறான். உள்ளே பார்த்தால் வரிசையாகத் தரையில் உட்கார்ந்திருக்கின்றன, பாதி உடம்போடு சில, முழங்கை வரை மையோடு சில. ஒவ்வொன்றும் தன் பேர் எப்படி எழுதியிருக்கிறது என்று தேடிக் கண்டுபிடித்து, பக்கத்திலேயே அதைத் தன் கையால் நகல் எடுத்துக்கொண்டிருக்கிறது.